டயட் என்றால் பத்தியம் அல்ல

முட்டை அவிக்கும்போது தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட வேண்டும். ஓடு விரிசல் விட்டாலும் வெள்ளைக்கரு வெளியே ஓடாது. இதை ஏன் இங்கே எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம், சார். கொஞ்ச காலமாக எதைச் சொல்ல வந்தாலும் சமையல் குறிப்பில்தான் எனக்கு ஆரம்பிக்க வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்துக்கு வந்துவிடுவேன்.

நீ சொல்லு, நான் எழுதுகிறேன் என்றார் உங்கள் ஸ்டேஷன் ஏட்டையா. நானே எழுதுகிறேன் என்று தாள் வாங்கிக்கொண்டேன். அவர் எழுதினால் என் தம்பி மகாராஜன் "மேற்படி இறந்துபோன நபர்" ஆகிவிடுவான். மேற்படி என்று கூப்பிட்டால் அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அதோடு, எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரும். அந்த ஒரு திறமை இருப்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

என் பெயர் இசக்கிப்பாண்டி. சங்கரன்கோவிலில் இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "திறப்புவிழா" என்று கேளுங்கள், வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். முதலில் பூ மார்க்கெட் பக்கம் கமிஷன் கடை திறந்தேன். பிறகு செல்போன் ரீசார்ஜ் கடை. ஊரே தன் போனில் தானே ரீசார்ஜ் செய்யப் பழகிய சமயம் பார்த்துத் திறந்தேன். அப்புறம் மெஸ். வெளியூர்க்காரன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிரியாணிக்கு வழி கேட்கிற ஊரில் சைவ மெஸ். ஒவ்வொன்றுக்கும் ரிப்பன் உண்டு, குத்துவிளக்கு உண்டு, கேசரி உண்டு. மெஸ்ஸை மூடிய வாரம் என் பெண்டாட்டி வாசுதேவநல்லூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். கேசரி நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

தம்பி எனக்கு நேர் எதிர். தொட்டது துலங்கும். எலெக்ட்ரீசியன். கோயில் கொடைகளுக்கும் திருவிழாவுக்கும் சீரியல் செட் கட்டுவான். பல்புகளால் ஆன அம்மன் வானத்தில் கண் சிமிட்டுவாள், கீழே நின்று இவன் பீடி குடிப்பான். என் திறப்பு விழாக்கள் எல்லாவற்றுக்கும் சும்மாவே லைட் போட்டுக் கொடுத்தவன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் வீடு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ரத வீதியில் சாரம் கட்டி ஏறினவன் அங்கிருந்து விழுந்தான். முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாமல் போயிற்று. கை நன்றாக இருந்தது. வாய் அதைவிட நன்றாக இருந்தது.

"எண்ணே, நீ கடைய மூடுதத விட வேகமா நான் விழுந்துட்டேன் பாத்தியா" என்றான், திருநெல்வேலி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு.

நான் சிரித்தேன். பிறகு வராண்டாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை சுத்தமான அழுகை, சார். அதில் வேறெதுவும் கலந்திருக்கவில்லை. எனக்கு அவன்மேல் உயிர்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பின்பக்கம், இடுப்பெலும்புக்குக் கீழே, படுக்கைப் புண்ணோடு வந்தான். உள்ளங்கை அகலம் இருக்கும். கடையநல்லூரிலிருந்து ஹஸ்னா பானு என்ற பிசியோதெரபிஸ்ட் ஸ்கூட்டியில் வந்து அவனுக்குக் கைப்பயிற்சி கொடுத்தாள். முதல் நாளே என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

"அண்ணாச்சி, சாப்பாடு அறுந்த நரம்ப ஒட்டவைக்காது. அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா புண்ணு ஆறணும்னா, கையில உள்ள சத கரையாம இருக்கணும்னா, அடிக்கடி காய்ச்சல் வராம இருக்கணும்னா சாப்பாடுதான். முட்டை, மீனு, பருப்பு, தயிரு, தெனமும் வேணும். தண்ணி நெறைய. கீரையும் பழமும் இல்லன்னா வயிறு கட்டிக்கிடும். அதுக்காவ சோத்தக் குமிச்சு வைக்காதீங்க, நடமாட்டம் இல்லாத உடம்பு, ஊதிரும். டயட் ரொம்ப முக்கியம்."

அவள் சொல்லிவிட்டுப் போன சூட்டோடு எதிர்வீட்டுப் பிச்சம்மாள் அத்தை வந்தாள். டயட் என்ற சொல் மட்டும் தெருவைத் தாண்டி அவள் காதில் விழுந்திருந்தது.

"டயட்டுன்னா பத்தியந்தானய்யா? நல்ல புள்ள அது, சரியாத்தான் சொல்லியிருக்கு. புண்ணு இருக்கையில மீனு, முட்டை, பருப்பெல்லாம் வாயில படப்பிடாது. சீ வச்சிரும். கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொடு, போதும்."

எங்கள் தெருவில் பாதிப்பேர் அதைத்தான் சொன்னார்கள். டாக்டர் டயட்டில் வைக்கச் சொன்னால் எங்கள் ஊரில் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். வைக்கச் சொல்வதும் விலக்கச் சொல்வதும் எங்களுக்கு ஒரே சொல்லாகிவிட்டது. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அடுப்பின் முன் நின்று பேசி வீடியோ எடுத்தேன். "டயட் என்றால் பத்தியம் அல்ல" என்று தலைப்புப் போட்டு, ஒரு சேனல் ஆரம்பித்து அதில் ஏற்றினேன். புண் உள்ளவனுக்கு ஏன் முட்டை வேண்டும், புதுச் சதை எதிலிருந்து முளைக்கும் என்று ஹஸ்னா பானு சொன்னதையெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். கடைசியில் தம்பி வாயில் ஒரு துண்டு மீனை ஊட்டினேன். அவன் மென்று பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. உப்பு மட்டும் எங்கண்ணன் யாவாரம் மாதிரி, பத்தல" என்றான்.

அந்த ஒரு வரிக்காகவே ஊர் உலகமெல்லாம் அதைப் பார்த்தது. துபாயிலிருந்து எழுதினார்கள், மலேசியாவிலிருந்து எழுதினார்கள். வீட்டில் இதே மாதிரி ஆள் படுத்துக்கிடக்கிற பெண்கள் எழுதினார்கள். சிவகிரியில் ஒரு பெண், நான் சொன்னபடி சமைத்துப் போட்டு மரமேறி விழுந்த தன் வீட்டுக்காரருக்குப் புண் ஆறிவிட்டதாக எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். என் கையால் ஆரம்பித்த ஒரு காரியம் மூடாமல் ஓடுவதை முதல் தடவையாகப் பார்த்தேன். டீக்கடையில் எனக்கு இடம் விட்டார்கள். "திறப்புவிழா" என்று கூப்பிட்ட வாய்கள் "அண்ணாச்சி" என்றன. அப்படிக் கூப்பிட்டபோது நான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

தம்பி தேறினான். சாப்பாடு அவன் உடம்பில் வேலை செய்வது கண்ணுக்கே தெரிந்தது. புண் ஓரத்திலிருந்து சிவப்பாகச் சதை வளர்ந்து, சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சுருங்கியது. தோளும் கையும் இறுகின. ஒருநாள் காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது கட்டிலிலிருந்து கைகளை ஊன்றித் தானே சக்கர நாற்காலிக்கு மாறி, அடுக்களை வாசலுக்கு வந்து நின்றான்.

"எண்ணே, வண்டி வந்துட்டு. டிக்கெட் எடுக்கியா?"

நான் கரண்டியைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தேன். பிறகு, போனை எடுக்க மறந்துவிட்டேனே என்று தோன்றி, அவனைத் திரும்பக் கட்டிலில் படுக்கச் சொல்லி, இன்னொரு தடவை வரச் சொன்னேன். அவனும் சிரித்துக்கொண்டே வந்தான். இரண்டாவது தடவை வந்ததைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்தது.

ஹஸ்னா பானு அந்த வாரமே ஒரு செய்தி கொண்டுவந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறதாம். தனியாகக் குளிக்க, சமைக்க, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பார்களாம். தம்பிக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறாள். ஒரே நிபந்தனை, புண் முழுசாக மூடியிருக்க வேண்டும். இப்போது ஆறுகிற வேகத்துக்கு, ஆடித்தபசுக்கு முன்னாலேயே போய்விடலாம் என்றாள்.

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "போய்ட்டு வந்து சொந்தமா எலெக்ட்ரிக் கடை போடுதேன். ஒன்ன இனி எவனும் சங்கடப்படுத்த முடியாது. நீ ஒக்காந்து சாப்பிடுண்ணே, நான் பாத்துக்கிடுதேன்."

அவன் நல்லதுதான் சொன்னான். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. பொறாமை என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதலாம், பொறாமைதான். முதுகெலும்பு முறிந்து கிடந்தவன்கூட என்னை உட்காரவைத்துச் சோறு போடுகிற இடத்துக்கு வந்துவிட்டான். அவன் தனியாக ஸ்கூட்டரில் போய் வந்தால் அப்புறம் என் சேனலில் என்ன இருக்கிறது? ஒரு கிழடு தட்டப்போகிற ஆள், அவனுக்கு அவனே முட்டை அவித்துத் தின்கிறான். இதை யார் பார்ப்பார்கள்? அதே சமயத்தில் ஊரில் ஒரு சங்கத்தார் ஆடித்தபசுக் கலைநிகழ்ச்சி மேடையில் எனக்குப் "பாசமிகு அண்ணன்" என்று கேடயம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தம்பியையும் மேடைக்குக் கூட்டிவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

புண் கொஞ்சம் மெதுவாக ஆறினால் போதும். நான் நினைத்தது அவ்வளவுதான். கேடயம் வாங்குகிறவரை.

என்ன செய்தால் மெதுவாக ஆறும் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்கே வகுப்பெடுத்தவன்.

தம்பிக்கு மாதச் சோதனைக்காக ரத்தமும் சிறுநீரும் கொடுத்திருந்தோம். ரிசல்ட் வாங்க நான் தனியாகப் போனேன். எல்லாம் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னேன்.

"ஏலே, கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. முட்டை, மீனு, பருப்பு, தயிரு எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டணுமாம்."

"ஹஸ்னாகிட்ட கேட்டியா?"

"கேக்காம இருப்பனா? அவளும் சரின்னுட்டா."

அவள் அப்போது பேறுகாலத்துக்குப் போயிருந்தாள். தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பட்டுமா என்று போனில் கேட்டாள். பயிற்சியெல்லாம் எங்களுக்கே பழகிவிட்டது, நீ உடம்பைப் பார்த்துக்கொள் தாயி என்றேன். தம்பியிடம், பிள்ளைத்தாய்ச்சிப் பிள்ளையை இந்த நேரத்தில் போன் போட்டுத் தொந்தரவு செய்யாதே என்றேன். நியாயமான பேச்சுத்தானே. நான் சொன்ன பொய்யெல்லாம் அப்படி நியாயமாகவே அமைந்தன. வியாபாரத்தில் இந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் இன்றைக்கு மார்க்கெட்டில் எனக்கு நாலு கடை இருக்கும்.

கஞ்சி, ரசம், சுட்ட அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய். பிச்சம்மாள் அத்தைக்கு ஒரே திருப்தி. "இப்பந்தான் வழிக்கு வந்திருக்கே. முன்னாலேயே பத்தியத்துல வச்சிருந்தா இந்நேரம் ஓடி ஆடியிருப்பான்" என்றாள். அவளே தினமும் ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். தெருவே எட்டிப்பார்த்துத் தலையாட்டியது. நான் அவன் உணவைத் திருடியபோது என்னை யாரும் திட்டவில்லை. அதற்கு முன்னால் மீன் போட்டதற்குத்தான் திட்டியிருக்கிறார்கள்.

வீடியோவை நிறுத்த முடியாது. ஜனங்கள் எதிர்பார்க்கிறார்கள். அதனால் சமையல் நடந்தது. அயிலை மீன் வறுவல், முட்டைத் தொக்கு, பாசிப்பருப்பு அடை. தட்டை வைப்பேன், அவன் ஒரு வாய் தின்பான், எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பான், போனை அணைப்பேன், தட்டை எடுத்துக்கொள்வேன். சோற்றைக் குப்பையில் கொட்டுவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அதனால் நானே தின்றேன். அவன் கட்டிலுக்கு அருகில் ஸ்டூலைப் போட்டுத்தான் தின்பேன். தனியாக அடுக்களையில் போய்த் தின்பது அவனுக்கு மனக்கஷ்டமாக இருக்குமே என்று.

"நீ தின்னுண்ணே. நீ திங்கதப் பாத்தா எனக்கு வயிறு நெறஞ்சிருது" என்பான்.

எனக்கு நல்ல உடம்பு போட்டது. முகம் பளபளத்தது. முட்டி வலி போயிற்று. முதுகுத்தண்டு முறிந்தவனுக்கான டயட் எவ்வளவு அருமையானது என்பதற்கு நானே சாட்சி. பார்க்கிறவர்கள், "தம்பியைப் பார்க்கிற மும்முரத்தில் உங்கள் உடம்பை விட்டுவிடாதீர்கள் அண்ணா" என்று எழுதினார்கள். இதயம் போட்டு நன்றி சொன்னேன்.

புண் ஆறுவது நின்றது. பிறகு திறந்தது. மருந்து வைத்துக் கட்டுவதிலும், அவனைப் புரட்டிப் படுக்கவைப்பதிலும், தண்ணீர் கொடுப்பதிலும் நான் ஒரு குறை வைத்ததில்லை. பேப்பரில் எழுதிக் கொடுத்தது போல் எல்லாம் சரியாக நடந்தன, சாப்பாட்டைத் தவிர. அவன் கை மெலிந்தது. ஒருநாள் நாற்காலிக்கு மாறப் பார்த்தான்; கை தாங்காமல் அப்படியே கட்டிலில் விழுந்தான். "கெடக்கட்டும், நாளைக்குப் பாக்கலாம்" என்றான். அதற்குப் பிறகு அவன் முயற்சி செய்யவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கோயம்புத்தூர்க்காரர்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆடித்தபசு மேடைக்கு அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். சட்டை தோளில் நிற்காமல் வழிந்ததால் துண்டு போர்த்தியிருந்தேன். கேடயம் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள். மைக்கை அவனிடம் நீட்டினார்கள். "எங்கண்ணன் இல்லன்னா நான் இல்ல" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நல்ல வாக்கியம். பிற்பாடு நினைத்துப் பார்த்தால், அண்ணன் இருந்ததால்தான் அவன் இல்லாமல் போனான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் நான் அவனுக்கு முட்டை கொடுத்திருக்கலாம். வீட்டில் முட்டை இருந்தது. கிட்னி சரியாகிவிட்டது என்று ஒரு பொய் போதும். அடுப்பில் தண்ணீர்கூட வைத்தேன். அந்த நேரத்தில் டிவிக்காரர்கள் போன் செய்தார்கள். அண்ணன் தம்பி பாசத்தைப் படமெடுக்க வருகிறோம், தம்பி படுக்கையில்தானே இருக்கிறார் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். முட்டைகளை எடுத்து நானே தின்றுவிட்டேன். அவர்கள் வரவே இல்லை, சார். இன்று வருவார்கள் நாளை வருவார்கள் என்று காத்திருந்ததில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நடுக்கம் கண்டது. புண்ணில் எலும்பு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்தம் முழுவதும் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். உடம்பில் புரதமே இல்லை, என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். என் சேனலைக் காட்டினேன். பழக்கதோஷம். அவர் அயிலை வறுவலைப் பார்த்தார், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

தம்பிக்கு நினைவு வந்து வந்து போயிற்று. ஒரு தடவை கண்ணைத் திறந்து, "எண்ணே, சாப்டியா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். அதுதான் அவனிடம் நான் கடைசியாகச் சொன்னது. உண்மையும்கூட.

உங்களிடம் புகார் கொடுத்தது ஹஸ்னா பானு என்று தெரியும். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் வீடியோக்களை வரிசையாகப் பார்த்திருக்கிறாள். தம்பி மீனை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது அவன் கைக்கடிகாரம் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. முன்பு இறுக்கமாக இருந்த கடிகாரம். நான் தட்டை மட்டும்தான் கவனித்து எடுத்தேன். அவன் கையைக் கவனிக்கவில்லை.

காலையில் நீங்கள் என்மேல் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னீர்கள்.

"வே, நீரு பெரிசா படிச்ச ஆளு இல்ல. டயட்டுன்னா பத்தியம்னு நெனச்சுட்டீரு. அந்தத் தெரு முழுக்க அப்படித்தான் சொல்லுது. பிச்சம்மாளும் நாந்தான் சொன்னேன், நாந்தான் சொன்னேன்னு அழுதுட்டுப் போவுது. வெவரம் தெரியாமச் செஞ்சதுன்னு எழுதிக் குடும். ஒமக்கும் அதான் நல்லது."

நல்ல மனசு உங்களுக்கு. நான் டீ குடிக்கிறவரை அதை யோசித்தேன். வீட்டுக்குப் போகலாம். பிச்சம்மாள் அத்தை ரசம் கொண்டுவருவாள். பாவம், பத்தியத்தை நம்பிக் கெட்டான் என்று ஊர் பரிதாபப்படும். எல்லாம் சரிதான். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

ஏனென்றால் அது பொய், சார். புரதம் இல்லாவிட்டால் புண் ஆறாது என்பது இந்த ஊரில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. மீனில் என்ன இருக்கிறது, பருப்பில் என்ன இருக்கிறது, எதை நிறுத்தினால் எது கரையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எல்லாம் தெரிந்துதான், என் தம்பி மகாராஜனின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அவன் சாவதற்கு நான்தான் காரணம். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். தெரியாமல் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என்னை நம்பிச் சமைக்கிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?